இல்லாததற்கெல்லாம் தள்ளுபடி

"ஸ்டாண்ட் எங்க தம்பி?" சைக்கிளை இரண்டாவது முறையாகச் சுற்றி வந்து கேட்டார் மேலாளர்.

"பிஎம்எக்ஸ்ல ஸ்டாண்ட் வராது சார். தாவிக் குதிக்கிற வண்டி, கால்ல இடிக்கும்" என்றான் சைக்கிள் கடைக்காரன்.

"அதெல்லாம் சரி. இல்லாத ஸ்டாண்டுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்? ஐந்நூறு குறை."

கடை வாசலில் நின்ற அவருடைய மனைவி, எதிரே இருந்த மருந்துக்கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் பேரம் பேச ஆரம்பித்தால், அவர் யாரென்றே தெரியாதவள் போல நிற்பது அவளுக்குப் பல வருடப் பழக்கம்.

மேலாளர் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவைக் கட்டி ஆள்கிறவர். ஆணி விற்க வந்தவன்கூட அவரிடம் பேசி முடிப்பதற்குள் சுத்தியலை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவான் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியவரும் அவர்தான்.

மகள் முதன்முதலாக பிஎம்எக்ஸ் கேட்டதும், வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து பட்ஜெட்டை அறிவித்துவிட்டார். "ஒம்பதாயிரம். முதல் சைக்கிள், விழறதுக்குத்தான் வாங்கறோம். விழறதுக்கு அதுக்கு மேல குடுக்கறவனுக்குப் புத்தி இல்லன்னு அர்த்தம்."

இது மூன்றாவது கடை. முதல் இரண்டிலும் விலை படியாமல் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார். "இங்கயும் ஒத்து வரலன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று காரிலேயே சொல்லியாயிற்று.

மறுநாள் காலை மைதானத்தில் பயிற்சி தொடங்குகிறது. தோழி மனமிரங்கி இரவல் கொடுத்த சைக்கிளிலேயே இத்தனை நாளும் குதித்துப் பழகியவள் மகள். இப்போது அப்பாவின் முகத்தையும் விலைச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் உள்ளே நுழைந்ததுமே, வயதும் கேட்காமல் உயரமும் கேட்காமல், கடைக்காரன் பின்னறையிலிருந்து இந்தக் கறுப்பு சைக்கிளைத்தான் உருட்டிக்கொண்டு வந்தான். மகள் ஏறிப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

"தொழில் தெரிஞ்சவன். பார்வையிலயே அளவெடுத்துட்டான்" என்று அதற்கு மட்டும் பாராட்டினார் மேலாளர். விலைச்சீட்டில் பதினாலாயிரம் என்றிருந்ததைப் பார்த்ததும் பாராட்டு நின்றுவிட்டது.

"ஆறாயிரத்துக்கும் வண்டி இருக்கு சார்" என்றான் கடைக்காரன். "ஆனா நாலு தடவை குதிச்சா வெல்டிங் விட்டுரும். பாப்பா குதிக்கணும்னா இதுதான் சரி."

"அப்ப இதுலயே குறை. முதல்ல ஸ்டாண்டுக்கு ஐந்நூறு."

வாசலில் மனைவி இருமினாள். கடைக்காரன் தலையைச் சொறிந்தான். "சரி சார், குறைச்சுக்கறேன்."

மேலாளருக்கு ருசி கண்டுவிட்டது. "கேரியர் இல்ல, அதுக்கு ஒரு ஐந்நூறு. மட்கார்டு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. ரெண்டுக்குமா ஆயிரம்."

"சார், அதெல்லாம் இருந்தா இது பிஎம்எக்ஸே இல்ல!"

"இருக்கறதுக்கு விலை கேட்டா நியாயம். எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு விலையை மட்டும் ஏத்தி வச்சிருக்கியே, இது எந்த ஊர் நியாயம்?"

மனைவி மறுபடி இருமினாள். கடைக்காரன் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினான்.

"கியர் இல்ல. ஆயிரத்து ஐந்நூறு."

"சார்!"

இருமல். "சரி சார்."

"சீட்டு ஏன் இவ்வளவு கீழ இருக்கு?"

"இதை நின்னுக்கிட்டுதான் சார் ஓட்டுவாங்க."

"நின்னுக்கிட்டே ஓட்டுற வண்டிக்கு சீட்டு எதுக்கு? அதுக்கும் ஐந்நூறு கழி. பிரேக்கும் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணுக்கு ஐந்நூறு."

வாசலில் இருமல் இப்போது நிற்கவே இல்லை. மருந்துக்கடை எதிரிலேயே இருப்பது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார் மேலாளர்.

விலை ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு வந்து நின்றது. பட்ஜெட்டுக்கு இன்னும் ஐந்நூறு இடித்தது. கழிப்பதற்கு இல்லாத சாமான் வேறு ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து தேடினார்.

அப்போதுதான் மகளைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்திருந்தாள். எத்தனையோ பேரைக் கண்கலங்க வைத்த மனிதருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"பெல்லு இல்ல, அதையும் கேட்டிருப்பேன்" என்றார். "போகட்டும். என் பொண்ணுக்காக விட்டுக்குடுத்தேன். பில் போடு."

மகள் "அப்பா!" என்று கத்திக்கொண்டு அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பணத்தைக் கொடுத்துவிட்டு, அவளும் அவருமாக சைக்கிளை உருட்டிக்கொண்டு காருக்குப் போனார்கள். டிக்கியில் அதை ஏற்றுவதற்குள் அலுவலக நண்பருக்கு போன் போட்டுவிட்டார். "பதினாலாயிரம் சொன்னான். ஒம்பதரைக்கு முடிச்சேன். ஆளு ஆடிப்போயிட்டான்!"

பில் வாங்க மனைவி உள்ளே போனாள். அவளுக்கு இப்போது இருமல் சுத்தமாக நின்றுவிட்டிருந்தது.

கடைக்காரன் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு ஐந்நூறு நோட்டை எடுத்து நீட்டினான்.

"இந்தாங்கக்கா, நேத்து நீங்க குடுத்துட்டுப் போன அஞ்சாயிரத்துல மிச்சம்."