குண்டு பல்புக்குள் ஒரு ஆர்கான்

காற்றில் எல்லாருக்கும் தலையை எண்ணித்தான் மரியாதை. ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள் கைகோத்துத் திரியும். அதற்கு ஈரணு என்று பேர். கரியமிலவாயுவில் மூன்று, அது மூவணு. ஆர்கான் வாயுவுக்கோ கூட்டு கிடையாது. ஓரணு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு ஆர்கானைக் குண்டு பல்புக்குள் அடைத்தார்கள். அது கண்ணாடியோரமாகவே நின்று, வெளியே போகிற ஜோடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் கையைப் பிடிச்சுக்க ஒருத்தர்கூடவா இல்லை?" என்று, எரிந்துகொண்டிருந்த கம்பி இழையிடம் தினமும் கேட்டது.

"நீ யாரையும் பிடிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் உன்னை என்கிட்ட விட்டிருக்காங்க" என்றது இழை. "கொஞ்சம் இப்படித் திரும்பேன். உன்னோட பேசிக்கிட்டே எரியறது எனக்குச் சுகமா இருக்கு."

ஆர்கான் திரும்பவில்லை.

ஒரு நாள் ஒட்டடைக் குச்சி பட்டுப் பல்பில் விரிசல் விழுந்தது. அதன் வழியே ஓர் ஆக்சிஜன் ஜோடி உள்ளே வந்தது. ஆர்கான் ஆசையோடு கையை நீட்டியது. ஜோடி அதைத் தாண்டிப் போய் இழையை இறுக அணைத்துக்கொண்டது. பளிச்சென்று ஒரு வெளிச்சம், கொஞ்சம் வெண்புகை. அப்புறம் இழை இல்லை.

விரிசல் வழியே ஆர்கான் வெளியே வந்துவிட்டது. அதைச் சுற்றி இரண்டு இரண்டாய், மூன்று மூன்றாய் எத்தனையோ பேர் போகிறார்கள். அது யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எங்கே குண்டு பல்பு எரிந்தாலும் போய்க் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

உள்ளே இன்னோர் ஆர்கான், இழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே ஏக்கமாய்ப் பார்க்கிறது. "திரும்பு, திரும்பு" என்று இது கத்துவது கண்ணாடியைத் தாண்டிக் கேட்பதில்லை.