எவர்சில்வர் கிண்ணம்

மோதிரத்தைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். ணங்கென்று விழுந்தது.

கல்யாணத்தன்று இவர் போட்டுவிட்ட பிளாட்டினம் மோதிரம். என் மானத்தை வாங்கியதும் இதுதான்.

கிண்ணம் எங்கள் ஆய்வகத்தினுடையது. விண்கல்லைப் பொடிக்கிற அறைக்குள் போகிற யாரானாலும் நகைகளை எல்லாம் அதில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விண்கல்லில் பிளாட்டினம் மிக மிகச் சொற்பம். மோதிரத்திலிருந்து ஒரு துகள் உதிர்ந்தால் போதும், கல்லின் கணக்கையே விழுங்கிவிடும்.

ஒரே ஒரு நாள் நான் கழற்றவில்லை. விரல் வீங்கியிருந்தது. மோதிரத்தின் மேலேயே கையுறையை மாட்டிக்கொண்டு போனேன். கையுறை கிழிந்தது. என் போதாத காலம், அன்றைக்குப் பொடித்ததுதான் அந்தக் கல்.

விண்கற்களில் பிளாட்டினமும் இரிடியமும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்றுதான் இருக்கும். சூரியன் பிறந்த மேகத்தின் சமையல் குறிப்பு அது. எந்தக் கல்லை எடுத்தாலும் அதே கைப்பக்குவம்தான்.

இந்தக் கல்லில் பிளாட்டினம் மட்டும் பல மடங்கு அதிகம்.

சூரியனுக்கும் முந்தைய ஏதோ ஒரு நட்சத்திரத்தின் தூசி இதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கட்டுரை எழுதினேன். நான் உருப்படியாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம். வெளியானதும் எங்கெங்கிருந்தோ கூப்பிட்டுப் பேசினார்கள்.

அப்புறம் 'சல்லடை' வாயைத் திறந்தாள். என்கூட வேலை செய்கிறவள். அவள் கண்ணில் படாமல் எதுவும் தப்பாது என்பதால் அந்தப் பெயர். நான் மோதிரத்தோடு உள்ளே போனதைப் பார்த்ததாக ஆய்வகத் தலைவரிடம் சொல்லிவிட்டாள்.

வெளியிலிருந்து பிளாட்டினம் கலந்திருக்கக்கூடிய வேறு எல்லா வழியையும் சோதித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது மோதிரம்தான். நானும் ஒத்துக்கொண்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்ற கடிதம் என் முன்னால் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

அப்போதும் சல்லடை விடவில்லை. மோதிரத்தில் பிளாட்டினத்தோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்று அளந்து, அதுவும் கல்பொடியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் கணக்கு சுத்தமாகிவிடுமாம். வாசலில் இருந்த கிண்ணத்தையும் அவளே எடுத்து வந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவர்தான் குறுக்கே விழுந்தார். ஆய்வகத்தின் அளவைக் கருவிகள் எல்லாம் இவர் பொறுப்பில்தான் இருக்கின்றன.

"அதான் அவளே ஒத்துக்கிட்டாளே சார். இன்னும் எதுக்கு அவளைப் போட்டு வதைக்கணும்? கையெழுத்து வாங்கிட்டு விட்டுடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே கைவிட்டாலும் இவர் ஒருத்தர் போதும் என்று தோன்றியது. இத்தனை நாளும் நான் அழுதபோதெல்லாம் தலையைத் தடவிக்கொண்டே, தப்பு எல்லாருக்கும் வரும், விடு என்று சொன்னவர்.

ஆனால் நான் ரோஷக்காரி. அளந்துதான் பார்க்கட்டுமே என்று எக்ஸ்ரே கருவியை நானே எடுத்தேன். துப்பாக்கி மாதிரி இருக்கும். பொருளின்மேல் வைத்து விசையை அழுத்தினால் அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று திரையில் காட்டும்.

கிண்ணத்துக்குள் இருந்த மோதிரத்தின்மேல் வைத்து அழுத்தினேன்.

இரும்பு. குரோமியம். நிக்கல்.

தலைவர் சிரித்துவிட்டார். "மோதிரத்த விட்டுட்டுக் கிண்ணத்த அளந்துட்டீங்கம்மா."

எவர்சில்வர் என்றால் இந்த மூன்றும்தான். எனக்கே சிரிப்பு வந்தது. அவசரத்தில் குறி தவறியிருக்கும்.

மோதிரத்தை வெளியே எடுத்து அந்தக் கடிதத்தின்மேல் வைத்தேன். நிதானமாக அழுத்தினேன்.

இரும்பு. குரோமியம். நிக்கல்.

யாரும் சிரிக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். பிளாட்டினம் மருந்துக்குக்கூட இல்லை.

தலைவரும் சல்லடையும் திரையை எட்டிப் பார்த்தார்கள். இவர் மட்டும் பார்க்கவில்லை. மேஜை விளிம்பில் இல்லாத அழுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், மோதிரத்தை இந்தக் கருவியில் வைத்துப் பார்ப்போமா என்று விளையாட்டாகக் கேட்டேன். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாப்பிடக்கூட இல்லை. அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எங்கிருந்தோ வந்து விழுந்த கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று நோண்டிக்கொண்டே இருந்தவள், என் விரலில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே இருந்துவிட்டேன்.

எவர்சில்வர் மோதிரம் போட்டதற்காக எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு அதையே போட்டுக்கொண்டு திரிந்திருப்பேன்.

அது பிளாட்டினம் இல்லை என்று ஒரு வார்த்தை. என் கட்டுரை போனபோது, என் பெயர் போனபோது, நான் சாப்பிடாமல் கிடந்தபோது, எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தலையைத் தடவினாரே தவிர அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை.

தலைவர் மெல்ல நிமிர்ந்தார். அப்படியென்றால் கல்லில் இருக்கிற பிளாட்டினம் கல்லோடதுதான் என்றார். கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். மோதிரம் உருண்டு கிண்ணத்தின்மேல் இடித்து நின்றது.

சல்லடை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

யாரோ கைதட்டினார்கள். தலைவரும் சேர்ந்து தட்டினார்.

முதலில் தட்டியது இவர்தான்.