பச்சை நரம்பு

மேட்டூர் அணையில் பெரிய கட்லா ஒன்று தூண்டிலின் பச்சை நரம்பை அறுத்துக்கொண்டு போன அன்றே, லாரி டிரைவர் நல்லதம்பி மீன் பிடிப்பதை விட்டார். நரம்பு கிழித்த தழும்பு பத்தொன்பது வருஷமாக அவர் உள்ளங்கையில் குறுக்கே கிடந்தது.

இன்று அதே கரையில் புது வெள்ளை நரம்பை வீசினார். முக்கால் மணி நேரத்தில் மீன் மாட்டியது. மீன் கொடாக்கண்டன் என்றால் அவர் விடாக்கண்டன். இழுக்க இழுக்க வெள்ளை நரம்பு வந்தது. அது தீர்ந்ததும் பச்சை நரம்பு வந்தது. இடையில் முடிச்சு இல்லை.

கட்லா கரையேறித் துள்ளியது.

"ஏனுங்க, அதே மீனுங்களா?" என்றாள் மனைவி ஜோதி.

"அதேதான். இந்தவாட்டி உடுவனா?"

சிரித்தபடி கையை விரித்தார். ஜோதி முந்தானையால் அந்த உள்ளங்கையை இரண்டு முறை துடைத்துப் பார்த்தாள். தழும்பைக் காணவில்லை.