ஒரு ஜோடித் தோடு

வடக்கனந்தல் தகரக் கொட்டகையில் மதிய வெயில் கொதிக்க, அம்சவள்ளியின் கையில் கேஸ் சுடர் சீறுகிறது. கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவள், போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பித்தளைக் கம்மல் செய்யப் பழகினாள். தங்கத்தை இன்றுதான் முதன்முதலாக உருக்குகிறாள். செத்துப்போன மகளின் பூத்தோட்டை அழித்துப் பேத்திக்குப் புது மாதிரி டாலர் கேட்டு வந்த செல்லியம்மாள், ஒன்றை உருக்கும் மூசைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்திருக்கிறாள். "கெட்டுப் போவாதே, வள்ளி?" "போவாதுங்க அத்தை." சொல்லிக்கொண்டே சுடரைக் கிண்ணத்தின் மேல் திருப்புகிறாள். தோட்டின் இதழ்கள் சிவந்து, சரிந்து, ஒரே துளியாகத் திரள்கின்றன. தங்கம் கெடவில்லை, ஆனால் அந்தப் பூ இனி இல்லை என்பது அப்போதுதான் அம்சவள்ளிக்கு உறைக்கிறது. "அடுத்ததக் குடுங்க." செல்லியம்மாளின் விரல்கள் திறக்கவில்லை. "இது அவ காதுல இருந்தாப்பலயே இருக்கட்டும். அதுல இன்னா வருதோ, அதச் செய்யி."