சம்மதக் கையெழுத்து

மூன்று கடித உறைகளையும் சாப்பாட்டு மேசையில் எறிந்தான் டனிஸ்ரன்.

மூன்றும் யாழ்ப்பாணத்திலிருந்து பதிவுத் தபாலில் கனடாவில் ரொக்ஸ்பரோவிலுள்ள இந்த வீட்டுக்கு வந்தவை. மூன்றிலும் ‘ஏற்க மறுத்தார்’ என்று பிரெஞ்சில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது, அனுப்பியவளே அவற்றை அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

“தபால்காரனைத் திருப்பினனீங்கள். என்னைத் திருப்பேலாது. நான் சிவநேசத்தின்ர தங்கச்சியின்ர மகன்.”

வீட்டுக்காரர் கிருபானந்தன் கதிரையைக் காட்டினார். “இரும் தம்பி.”

“இருக்க வரேல்லை. முறைக்கு உங்களைப் பெரியப்பா எண்டு கூப்பிடோணும். வாய் வருகுதில்லை.”

மாடியிலிருந்து இறங்கி வந்த மகள் றொஷினி பாதிப் படியில் நின்றாள்.

“அப்பா, ஆர் சிவநேசம்?”

டனிஸ்ரன்தான் பதில் சொன்னான்.

“உங்கட அப்பா நீர்வேலியில கட்டின மனிசி. தொண்ணூற்றி மூண்டில வயித்துப் பிள்ளையோட விட்டிட்டு வெளிக்கிட்டவர். போய்ச் சேர்ந்திட்டன் எண்டு ஒரு கடுதாசி இல்லை. போன வருசம் இஞ்சத்தை ஊர்ச் சங்கத்து மலரில பேரையும் ஊரையும் பார்த்துத்தான் ஆள் உயிரோட இருக்கிறார் எண்டே எங்களுக்குத் தெரியும்.”

“அம்மாவுக்கு இது தெரியுமோ அப்பா?”

கிருபானந்தன் மூன்று உறைகளையும் அடுக்கி வைத்தார்.

றொஷினி மேசைக்கு வந்தாள். “இப்ப அவவுக்கு என்ன வேணுமாம்? காசோ?”

“ஒரு சதமும் வேண்டாம். ஒரு கையெழுத்து. மகளுக்கு ரண்டு சிறுநீரகமும் போச்சு. பெரியம்மா தன்ரதில ஒண்டைக் குடுக்கிறா. ஒப்பரேசனுக்குத் தன்ர சீதனக் காணியை விக்கோணும். வாங்கிற ஆள் இந்த மாதக் கடைசி மட்டும்தான் பொறுப்பான்.”

“அவவின்ர காணிதானே. விக்கட்டும்.”

“புருசன் எழுத்தில சம்மதம் குடுக்காமல் மனிசி தன்ர காணியை விக்கேலாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம். ஒல்லாந்தன் எழுதி வச்சான், இங்கிலீசுக்காரன் திருத்தினான். அவங்கள் போயிட்டாங்கள். சட்டம் போகேல்லை.”

“கோட்டுக்குப் போனால்?”

“போகலாம். தீர்ப்பு வரேக்க மகள் இருக்கோணுமே.”

அவன் சம்மதப் படிவத்தை விரித்து, மேலே பேனாவை வைத்தான்.

கிருபானந்தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். பிறகு படிவத்தை அவன் பக்கமே தள்ளிவிட்டார்.

“போடமாட்டன்.”

“அப்பா!” றொஷினியின் குரல் உயர்ந்தது. “வீட்டுக்கு வாற பார்சலுக்குப் போடுறீங்கள். பாங்குக்குப் போடுறீங்கள். இதுக்குப் போட்டால் கை தேஞ்சிடுமோ?”

“நான் போட்டால் அந்தக் காணி உறுதி நிக்காது பிள்ளை.”

“நல்ல சாட்டு,” என்றான் டனிஸ்ரன். “சங்கத்தில மேடையேறி ஊருக்கு உதவோணும் எண்டு கதைக்கிறவர். பெத்த பிள்ளை சாகக் கிடக்குது, ஒரு கீறு கீற மனமில்லை. நீங்கள் எல்லாம் மனுசரோ?”

“எனக்கு வெக்கமாய் இருக்கு அப்பா,” என்றாள் றொஷினி.

அவர் எழுந்து அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. முத்திரைகூட ஒட்டியாகிவிட்டது. முகவரி, அந்த மூன்று உறைகளின் மூலையிலும் அச்சடித்திருந்த, சிவநேசத்தின் யாழ்ப்பாணச் சட்டத்தரணியுடையது.

“இதை அனுப்பிவிடும்.”

“கடுதாசி ஆருக்கு வேணும்? கையெழுத்தைத் தாங்கோ.”

“உடைச்சு வாசியும். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சத்தமாய் வாசியும்.”

உள்ளே கனடாச் சட்டத்தரணி ஒருவரின் முத்திரையோடு ஒரு சத்தியக் கடதாசி. மூன்று கிழமைக்கு முந்திய திகதி. டனிஸ்ரன் நின்றபடியே வாசித்தான்.

“‘நாகமுத்து தருமகுலசிங்கம் ஆகிய நான் சத்தியம் செய்து கூறுவதாவது: நானும் நீர்வேலி சின்னையா கிருபானந்தனும் களவாய் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரே ஏஜென்சி மூலம் பயணம் செய்தோம். 1993 மார்கழியில் உக்ரைன் எல்லைக் காட்டில் அவர் குளிரில் இறந்தார். நாங்கள் நாலு பேர் அவரைப் பனிக்குள் அடக்கம் செய்தோம். அவருடைய பாஸ்போட்டில் என் படத்தை ஒட்டிக் கனடா வந்தேன். அன்று தொடக்கம் அவருடைய பெயரிலேயே…’”

அவன் நிறுத்திவிட்டான்.

றொஷினி அப்பாவின் பக்கம் திரும்பினாள். “அப்ப என்ர பேருக்குப் பின்னால இருக்கிறது ஆற்ற பேர்?”

அவர் மகளைப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றினார்.

டனிஸ்ரன் கடதாசியை உறைக்குள் வைத்தான். இம்முறை குரல் இறங்கியிருந்தது.

“இது போனால் உங்கட கனடாச் சிற்றிசன்சிப் போகும், ஐயா.”

“ஓம்.”

“இந்தப் படிவத்தில போட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது.”

“தெரிஞ்சிராது. முப்பத்திரண்டு வருசமாய் அந்தப் பேரிலதானே போட்டுக்கொண்டு வாறன். ஆனால் செத்தவன்ர சம்மதத்தில எழுதின உறுதி எண்டு நாளைக்கு வெளியில வந்தால், வழக்கில மாட்டுறது நானில்லை. அவ.”

“எழுதி மூண்டு கிழமை. ஏன் அனுப்பேல்லை?”

“பயம். தபால்பெட்டியடி வரைக்கும் ரண்டு தரம் போனனான்.”

அவர் சம்மதப் படிவத்தை எடுத்து இரண்டாக மடித்து, அவன் சட்டைப் பையில் வைத்தார்.

“இது அவவுக்கு இனித் தேவையில்லை தம்பி. விதவை தன்ர காணியை விக்க ஒருத்தரின்ர கையெழுத்தும் கேக்கத் தேவையில்லை.”