இடது காதின் ஒத்திகை

மருத்துவமனையின் ஒத்திகை அறையில் இருந்தவர்கள்: பூவிழி, அவள் கணவன் கோதண்டன், மருத்துவர் ஹசீனா.

பூவிழியின் இடது காது நரம்பில் ஒரு சிறு கட்டி. புற்றுநோய் அல்ல, ஆனாலும் வளர்கிறது. கதிர்வீச்சை ஒரே நாளில் கொடுத்தால் கட்டி அடங்கிவிடும், அந்தக் காது போய்விடும். ஐந்து நாட்களாகப் பிரித்துக் கொடுத்தால் காது பாதி கேட்கும், கட்டி மறுபடி வளரலாம். இப்போதெல்லாம் எந்த வழியில் காது எப்படிக் கேட்கும் என்று காட்டும் கருவியை மாட்டி, இரண்டையும் வாழ்ந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து வாங்குகிறார்கள். பூவிழிக்குச் செவிடு என்ற சொல்லே பயம்.

முதலில் ஐந்து நாள் வழி. கருவியின் இரைச்சலுக்கு நடுவே கோதண்டன் பேசியது பாதி கேட்டது. கட்டி வளருமோ என்ற யோசனையில் அந்தப் பாதியையும் அவள் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் வழி. இடப்பக்கம் எதுவுமே கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்து கிணற்று மோட்டார் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த கோதண்டன், பதில் வராததால் பேச்சை நிறுத்தாமலே நாற்காலியை இழுத்துக்கொண்டு வலப்பக்கம் வந்தான். கருவியில் இப்போது ஓடுவது எந்த வழி என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஏனுங்க, எதுக்கு இந்தப் பக்கம் வந்தீங்க?"

"அங்க உக்காந்தா நீ திட்டவே மாட்டேங்கற புள்ள. சப்புனு இருந்துச்சு."

பூவிழி சிரித்தாள். "ஒரே நாள்ல முடிச்சிருங்க டாக்டர்."

"காது போயிரும். பரவால்லையா?"

"போனா போகுதுங்க. இவருதான் சுத்தி வந்துர்றாரே."

அன்று மதியமே தோடுகளைக் கழற்றிக் கோதண்டன் கையில் கொடுத்துவிட்டு அவள் கதிர்வீச்சு அறைக்குள் நடந்தாள். கனத்த கதவு அவளுக்குப் பின்னால் மூடிப் பூட்டிக்கொண்டது.