மூன்று வாளி

சில்வானோ முதல் வாளிக்குள் முகத்தை விட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் மோந்தார். நிமிர்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டு "ம்" என்றார்.

பக்கத்தில் மகள் மிரெல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன பப்பா, சாம்பல் வாடை அடிக்குதா?" மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று அவர் அடுத்த வாளிக்குக் குனிந்தார்.

உண்மையில் அவருக்கு ஒன்றுமே அடிக்கவில்லை. சாம்பல் இல்லை, புளித்த திராட்சை இல்லை, அந்தக் கொட்டகையின் ஈரவாடைகூட இல்லை. போன குளிர்காலத்தில் அப்பனும் மகளும் சேர்ந்து படுத்த காய்ச்சலில் அவர் மூக்கு செத்துப்போனது. மிரெல்லா நாலாம் நாளே எழுந்து பூண்டு நடப் போய்விட்டாள். அவர் மூக்கு மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

இதை வெளியே சொல்ல முடியுமா? திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த அந்த கிங் பள்ளத்தாக்கு முழுக்க அந்த மூக்கை நம்பித்தான் ஒயின் போட்டது. மூக்குப் போன ஒயின்காரனும் கண் போன டிரைவரும் ஒன்று என்று அவரே எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தினமும் விடிந்ததும் காய்கறித் தோட்டத்துக்குப் போய்த் தக்காளி இலையைக் கசக்கிப் பார்ப்பார். துளசி மாதிரி மணக்கும் பேசில் கொழுந்தைக் கிள்ளி மோந்து பார்ப்பார். இன்றைக்காவது வராதா என்று மனசு கிடந்து தவிக்கும். வராது. கோடை முடிவதற்குள் பேசில் செடி பாதி மொட்டையாகிவிட்டது. தான் ஒருவன் கிள்ளியா இவ்வளவு என்று அவருக்கே ஆச்சரியம். நத்தையும் கூடச் சேர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

பார்த்து, இந்த வருஷம்தானா சோதனை வரவேண்டும்? வசந்தத்துப் பனியில் கருகாமல் தப்பி, பறவைக்கு வலை போட்டுக் காப்பாற்றிய பழம். அந்த ஊர்க் கோடையான ஜனவரியில் மலைக்காடு பற்றிக்கொண்டு, பத்து நாள் புகை கொடிகளின் மேலேயே படுத்துக் கிடந்தது. புகை குடித்த பழத்தில் ஒயின் போட்டால் குடிப்பவன் வாயில் சாம்பல்தான் மிஞ்சும், அதோடு மூன்று தலைமுறைப் பெயரும் போய்விடும்.

லேப் முடிவுக்கு ஐந்து வாரம் என்றார்கள். பழம் அதுவரை காத்திருக்காது. அதனால் ஆளாளுக்குக் கொஞ்சம் பழத்தை வாளியில் நசுக்கி, ஒரு வாரம் நுரைக்கவிட்டு, மோந்து பார்த்தார்கள். சுத்தமாக இருந்தால் பறிக்கலாம். வாடை வந்தால் ஒரு வருஷ உழைப்பையும் வெட்டி மண்ணில் தள்ள வேண்டியதுதான்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து புரூனோ தன் வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்தார். சில்வானோ மோந்து, வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டு, பெண்ணும் பார்க்கட்டும், அவளும் பழக வேண்டுமே என்று சாமர்த்தியமாக வாளியை அவள் பக்கம் தள்ளினார். மிரெல்லா மோந்தாள். அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். "சுத்தமா இருக்கு மாமா" என்றாள்.

மறுநாளே புரூனோ மொத்தப் பழத்தையும் பறித்துத் தொட்டியில் கொட்டிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வாளியோடு வந்தார்கள், அதே பதிலைக் கேட்டுத் தெளிந்து போனார்கள். மகளுக்காவது தன் மூக்கு வாய்த்ததே என்று சில்வானோ ஞாயிற்றுக்கிழமை மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

இன்றும் அதே நம்பிக்கையில் மூன்றாவது வாளியை மோந்துவிட்டு அவளிடம் தள்ளினார். அவள் வாங்கவில்லை. "இது நம்ம பழம் பப்பா. இதுக்கு நீங்கதான் வாயத் திறந்து சொல்லணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசைமேல் போன் அடித்தது. பறிக்கும் எந்திரம் வைத்திருக்கும் டெஸ். மத்தியானத்துக்குள் சொல்லாவிட்டால் எந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்ப வரப் பத்து நாளாகும், அதற்குள் மழை வேறு வருகிறது என்றான். ஐந்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று சில்வானோ போனை வைத்தார்.

காலிப் பழப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். இத்தனை மாதம் அடக்கி வைத்தது அழுகையாக வந்துவிட்டது.

"எனக்கு மூக்கு இல்லம்மா. போன குளிர்லயே போயிடுச்சு. அவமானத்துல சொல்லல. நீயே மோந்து பாத்து நல்லதோ கெட்டதோ சொல்லிடு. நான் தாங்கிக்கறேன்."

மிரெல்லாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது.

"அப்ப புரூனோ மாமா வாளிய மோந்துட்டுத் தலையாட்டினீங்களே?"

"அது பழக்கதோஷம்மா. எப்படியும் நீ சரியாச் சொல்லிடுவேன்னு ஒரு தைரியம். அஞ்சு பேருக்கும் நீ சொன்னதுதானே."

ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், புரூனோ தன் காலிப் பழப்பெட்டிகளைக் கழுவிக்கொண்டே இவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

மிரெல்லா மெதுவாக அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அந்தக் காய்ச்சல்லயே போயிடுச்சு பப்பா. நீங்க தலையாட்டறதப் பாத்துத்தான் நான் சொன்னேன்."